முதல் கேரக்டரைப் பாதியில் விடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகம் ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆளுக்கொரு கற்பனை ஆளாக மாறி, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு அது. உப்புவெளியில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, வருகிற போயாவுக்கு விளையாடத் தொடங்குகிறீர்கள். ஒருவர் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு கேரக்டர் செய்துகொண்டு வர வேண்டும். உங்கள் ஆளுக்கு ஆறு பக்க வரலாறு எழுதி முடித்துவிட்டீர்கள். ஆனால் கேரக்டர் ஷீட்டில், அதாவது அந்த ஆளின் விவரத்தாளில், எண் போட வேண்டிய கட்டங்களைக் கண்டதும் கை ஓடவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

கட்டங்களைக் குறை சொல்லாதீர்கள். சிக்கல் அந்த ஆறு பக்கம்.

நானும் அதே குழியில் விழுந்து எழும்பியவன்தான். என் முதல் கேரக்டர் ஒரு எல்ஃப், கூர்க்காதுள்ள ஒரு கற்பனை இனத்தவன். தகப்பனைக் கொன்றுவிட்டார்கள், ஊரை எரித்துவிட்டார்கள், இனி எவரையும் நம்புவதில்லை, பழி தீர்க்கும்வரை வாய் திறப்பதில்லை என்று சபதம். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. விளையாட உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது: கேரக்டர் மௌன விரதம் என்றால் நானும் மௌன விரதம். மற்ற மூவரும் சத்திரத்தில் ஆட்களோடு கதைத்தார்கள், பேரம் பேசினார்கள், அடிபட்டார்கள். நான் மூன்று மணிநேரம் மூலையில் இருந்து உளுந்து வடை தின்றேன். டிஎம் என்னிடம் "உங்கள் ஆள் என்ன செய்கிறார்?" என்று கேட்ட ஒவ்வொரு முறையும் "பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். பார்த்துக்கொண்டிருப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

பிறகு ஏழெட்டு வருடமாக இங்கே திருகோணமலையில் நான் டிஎம்மாக இருந்து விளையாட்டு நடத்துகிறேன். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த மௌன எல்ஃபின் ஒன்றுவிட்ட சகோதரத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். அதனால் சொல்கிறேன்: கேரக்டரைப் பாதியில் விடுங்கள். மிச்சத்தை மேசையில் செய்யலாம்.

இந்த விளையாட்டு பிறந்த விதமே அப்படித்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் ஆடியது சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் விளையாட்டு. படை முழுவதற்கும் பதிலாக ஆளுக்கொரு ஆள் என்று மாற்றியதுதான் பெரிய திருப்பம். அந்த முதல் விதிப்படி மூன்று ஆறுமுகப் பகடையை ஆறு தரம் உருட்டினால் உங்கள் ஆளின் ஆறு ஆற்றல்களும் வந்துவிடும். பத்து நிமிடம் போதும். வரலாறு எல்லாம் குகைக்குள் இறங்கிய பிறகு, உயிரோடு வெளியே வந்தால், தானாகச் சேரும்.

உங்கள் மச்சான் தந்த புத்தகம் எந்த வருடத்தது என்று இப்போதே பாருங்கள். ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதைத் திருத்திய புத்தகம் 2024இல் வந்தது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் கேரக்டர் செய்யும் இடத்தில் ஒரு முக்கியமான வித்தியாசம். பழையதில் எல்ஃப், டுவார்ஃப் என்ற இனம் உங்கள் ஆற்றல் எண்களைக் கூட்டித் தரும். புதியதில் உங்கள் ஆள் முன்பு செய்த தொழில், வாழ்ந்த விதம், அதாவது பின்னணி, கூட்டித் தரும். யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே மற்றப் பதிப்பில் எழுதினால் கணக்கு இடிக்கும், இரவு முழுக்கத் தலையைப் பிய்ப்பீர்கள். மற்ற மூவரிடமும் புத்தகம் இல்லையே என்று கவலை வேண்டாம். அடிப்படை விதிகளை 2023இலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார்கள். இறக்கி வாசிப்பது திருட்டு இல்லை.

சரி, தொடக்கம். நான் புதியவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி "உங்கள் ஆள் யார்?" என்பதல்ல. "உங்கள் முறை வரும்போது என்ன செய்ய ஆசை?" என்றுதான் கேட்பேன். கதவை உடைக்கவா, பூட்டைத் திறக்கவா, நெருப்பு எறியவா, காயப்பட்டவரைத் தூக்கிவிடவா? அதற்குப் பதில் வந்ததும் கிளாஸ், அதாவது உங்கள் ஆள் எந்த வகை வீரர் என்பது, தெரிந்துவிடும். புத்தகத்தில் பன்னிரண்டு கிளாஸ் இருக்கிறது, பன்னிரண்டையும் வாசிக்காதீர்கள். நேராக நின்று அடிக்க ஆசையென்றால் ஃபைட்டர். ஒளிந்து, ஏமாற்றி, பின்னால் வந்து குத்த ஆசையென்றால் ரோக். முதல் தரம் ஆடுகிறவருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும் என்பது என் கட்சி.

விசார்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்வேன். மந்திரவாதியாக இருக்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் முதல் லெவல் விசார்டின் மந்திரப் புத்தகத்தில் ஆறு மந்திரம் இருக்கும். அதற்கு மேல் எத்தனை தரமும் போடக்கூடிய சின்ன மந்திரம் மூன்று. ஒன்பதுக்கும் ஒன்பது பந்தி ஆங்கிலம் வாசித்து நினைவில் வைக்க வேண்டும். பெரியவற்றை ஒரு நாளில் இரண்டு மூன்று தரம்தான் போட முடியும். எப்போது போடுவது என்ற தவிப்பு வேறு. வாசிக்கப் பஞ்சி இல்லாத ஆள் என்றால் தாராளமாக எடுங்கள். பஞ்சிக்காரர் விசார்ட் எடுத்தால் அவருடைய ஒவ்வொரு முறைக்கும் மற்றவர்கள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம்.

கிளெரிக் பற்றியும் ஒரு சொல். தெய்வ அருளால் காயம் ஆற்றும் கிளாஸ் அது. எங்கள் ஊர்க்காரர் எவர் எடுத்தாலும் "கோணேசர் பக்தராக ஆடலாமா?" என்று கேட்பார். நான் வேண்டாம் என்பேன். இது என் மேசையின் வழக்கம், விதி அல்ல. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் கிட்டக்கிட்ட இருக்கிற ஊர் இது. மேசையில் இருக்கிறவர்களும் அப்படியே கலந்து இருப்பார்கள். ஒருவர் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும் தெய்வத்தை இன்னொருவர் பகடை உருட்டித் தோற்கடிக்கிற நிலை வரக் கூடாது. தெய்வத்தைப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். துறைமுகத்துக் காற்றுக்கு ஒரு தெய்வம், தொலைந்த சாமான்களுக்கு ஒரு தெய்வம். அது இன்னும் சுவையாக இருக்கும்.

இனி உங்களைப் பயமுறுத்திய எண்கள். ஆறு ஆற்றல். நாங்கள் பலம், சுறுசுறுப்பு, உடற்கட்டு, அறிவு, விவேகம், வசீகரம் என்று சொல்லிக்கொள்கிறோம். அறிவுக்கும் விவேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எல்லாரும் குழம்புவார்கள். மீன் சந்தைக்குப் போங்கள். இது பாரை, இன்ன குடும்பம், இன்ன ஆழத்தில் வாழும் என்று சொல்வது அறிவு. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விற்கிறவர் முகத்தையும் பார்த்துவிட்டு, இது நேற்றைய மீன் என்று நடையைக் கட்டுவது விவேகம். அந்த நேற்றைய மீனை இன்றைய விலைக்கு உங்கள் தலையில் கட்டுவது வசீகரம்.

எண்களைப் பெற நாலு பகடை உருட்டிச் சிறியதைத் தள்ளிவிடும் முறை உண்டு. உருட்டுவது பெரிய குதூகலம்தான். ஆனால் எங்கள் மேசையில் ஒரு தரம் ஒருவருக்கு 17, இன்னொருவருக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் விழவில்லை. மாதக்கணக்காக அந்த வித்தியாசத்தோடு ஆட வேண்டியிருந்தது. முதல் தரம் புத்தகத்திலேயே கொடுத்திருக்கிற 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறையும் எடுத்து விருப்பப்படி நிரப்புங்கள். உங்கள் கிளாஸுக்கு வேண்டியதில் 15. உடற்கட்டுக்கு ஒரு நல்ல எண், ஏனென்றால் உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண், அதிலிருந்துதான் கூடும்.

அந்தப் பெரிய எண்ணை ஆட்டத்தில் நேரடியாகப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதிலிருந்து பத்தைக் கழித்து, இரண்டால் வகுத்து, மிச்சம் வந்தால் கீழ்ப்பக்கமாக விட்டுவிடுங்கள். 15 என்றால் +2. 10 என்றால் பூச்சியம். 8 என்றால் −1. இருபது முகப் பகடையை உருட்டி, இந்தச் சின்ன எண்ணைக் கூட்டி, உங்கள் ஆள் பழகிய வேலையென்றால் இன்னும் ஒரு +2 கூட்டி, டிஎம் மனதில் வைத்திருக்கும் இலக்கை எட்டுகிறதா என்று பார்ப்பதுதான் முக்கால்வாசி ஆட்டம்.

ஒரு ஆளைச் செய்தே காட்டுகிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அந்தத் தண்ணீரைப் பாதையில்தான் கடந்தார்கள். பாதை என்றால் ரோட்டு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் மிதவை. வெளியூர்க்காரர் "பாதை எப்போது வரும்?" என்று கேட்பதைக் கேட்டால் சிரிப்பார். அதே மாதிரி ஒரு பாதை, மந்திரமும் அரக்கரும் உள்ள ஒரு கற்பனைத் துறைமுகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் காசு வாங்குகிற பெண் தங்கம். யார் எதை மூட்டையில் கட்டிக் கொண்டுபோகிறார், எவர் எவரோடு ஒரே நாளில் கடக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். மனித இனம், கிளாஸ் ரோக், 2024 புத்தகத்தின்படி பின்னணி மாலுமி.

சுறுசுறுப்புக்கு 15, உடற்கட்டுக்கு 14, விவேகத்துக்கு 13, வசீகரத்துக்கு 12, அறிவுக்கு 10. மிஞ்சிய 8 பலத்துக்கு. மாலுமிப் பின்னணியில் சுறுசுறுப்பில் இரண்டும் விவேகத்தில் ஒன்றும் கூட்டலாம். 17ம் 14ம் ஆகின்றன. அதாவது +3, +2. ரோக் என்பதால் உயிர்ப்புள்ளி 8, உடற்கட்டுக்காக 2, மொத்தம் 10. தோல் கவசம் போட்டால் அவளை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண் கவசத்தின் 11ம் சுறுசுறுப்பின் 3ம், 14. குறுவாளை வீசும்போது +5. பட்டால் ஓர் ஆறுமுகப் பகடையும் மூன்றும் சேதம். மறைவிலிருந்து வந்தோ, தோழர் ஒருவர் எதிரிக்குப் பக்கத்தில் நிற்கும்போதோ குத்தினால் இன்னொரு பகடை கூட. முடிந்தது. தண்டப்பயணம் வருகிறவனைக் கண்டுபிடிக்கிற அவளுடைய கண்ணுக்கு, பழகிய வேலைக்கான +2ஐ இரட்டிக்கும் ரோக்கின் தேர்ச்சியைக் கூர்ந்து கவனிக்கும் திறனில் போட்டால், விவேகத்தின் +2ம் சேர்ந்து +6 வருகிறது.

இப்போது அந்த 8ஐப் பாருங்கள். பாதையில் வேலை, பலம் 8. இடிக்கிறது, இல்லையா? இந்த இடிப்பை அழித்துத் திருத்திவிடாதீர்கள். கயிறு இழுக்க முடியாததால்தான் அவளுக்குக் காசு வாங்கும் வேலை கிடைத்தது. இழுக்கிறவர்கள் அவளுடைய தமையன்மார். வீட்டில் அவளை ஒரு ஆளாக மதிப்பதில்லை. ஆனால் எவருக்கும் தெரியாத கணக்கெல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது. பார்த்தீர்களா, நான் கதை யோசிக்கவே இல்லை, மிஞ்சிய ஓர் எண்ணை வேண்டாத கட்டத்தில் போட்டேன். உங்கள் ஆறு பக்கத்தில் இப்படித் தானாக வந்தது எத்தனை வரி?

இதற்கு மேல் அவளுக்கு வேண்டியது அதிகம் இல்லை. ஒரு ஆசை, ஒரு பலவீனம், மேசையில் இருக்கும் இன்னொருவரோடு ஒரு தொடர்பு.

ஆசையும் பலவீனமும் என்றால் என்ன என்று அறிய ஆங்கிலப் புத்தகம் தேவையில்லை, இங்கே திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு ஏறினால் போதும். கோயிலுக்குப் போகிற வழியில் பாறை பிளந்து கிடக்கிறதே, இராவணன் வெட்டு, அதன் கதை நமக்கெல்லாம் தெரியும். தாய்க்காகக் கோணமாமலையையே பெயர்த்தெடுக்கப் போனான், வாளால் வெட்டினான் என்பார்கள். கன்னியாவுக்குப் போனால், அந்தத் தாயின் கிரியைக்காக அவனே நிலத்தில் குத்தி எழுப்பியவை அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளும் என்பார்கள். பத்துத் தலை, இருபது கை, வீணை, சிவபக்தி எல்லாம் அவனுடைய கேரக்டர் ஷீட். தாய் கேட்டாள் என்றதும் மலையில் கை வைத்தது அவன் கேரக்டர். ஆசை பெரியது, அளவு தெரியாதது பலவீனம். இரண்டும் ஒரே செயலில் வந்துவிட்டன. எந்தக் காட்சியில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவன் சும்மா இருக்கமாட்டான்.

தங்கத்துக்கு வருவோம். பாதையின் ஒரு பங்கைத் தன் பெயருக்கு வாங்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும், இது ஆசை. "உலகத்தைக் காப்பாற்ற வேண்டும்" என்பதைவிட இது நல்ல ஆசை, ஏனென்றால் டிஎம் முதல் நாளே அதை வைத்து அவளை இழுக்கலாம். எவராவது "உனக்கு ஏலாது" என்றால் உடனே செய்துகாட்டப் போவாள்; இது பலவீனம். பலவீனத்தை எழுதும்போது ஒன்று பாருங்கள்: அது உங்களை ஏதாவது செய்யத் தூண்ட வேண்டும். எவரையும் நம்பமாட்டாள், எதிலும் ஆர்வமில்லை, தனியாக இருப்பாள் என்பவை பலவீனம் இல்லை, வடை தின்பதற்கான ஏற்பாடு.

தொடர்பைத் தனியாக வீட்டில் இருந்து எழுத முடியாது. அதனால்தான் பாதியில் விடச் சொன்னேன். போயா அன்று முதல் அரை மணிநேரம் பகடையைத் தொடாமல் நாலு பேரும் கதையுங்கள். உங்களில் ஒருவர் ஃபைட்டர் என்றால், அவர் ஒரு இரவு காசில்லாமல் தங்கத்தின் பாதையில் கடந்தவர், அந்தக் கடனை அவள் இன்னும் எழுதி வைத்திருக்கிறாள். போதும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இருவரும் மூன்று மணிநேரம் கொழுவிக்கொள்ளலாம். சத்திரத்தில் அந்நியராகச் சந்தித்து "நாம் ஏன் சேர்ந்து போக வேண்டும்?" என்று ஒரு மணிநேரம் இழுக்கிற தொல்லையும் இல்லை.

அந்த அரை மணிநேரத்திலேயே, விளையாட்டில் எது வரக் கூடாது என்றும் கேட்டுவிடுங்கள். இதைப் புதியவர்கள் கூச்சத்தில் விட்டுவிடுவார்கள். எங்கள் மேசையில் கப்பல் கதை ஒன்று தொடங்கியபோது ஒருவர் மெதுவாகச் சொன்னார்: புயல் வரட்டும், கப்பல் உடையட்டும், கடல் ஊருக்குள் வருகிற மாதிரி மட்டும் வேண்டாம். 2004ஐ நினைத்துத்தான் சொன்னார் என்று எல்லாருக்கும் விளங்கியது. காரணம் கேட்கவில்லை. அதன் பிறகு இன்றுவரை எங்கள் கற்பனைக் கடல் அதன் கரையைத் தாண்டவில்லை. கதை ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை.

பெயரும் மொழியும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்ஃப் என்றால் நாக்குச் சுளுக்கும் பெயர்தான் வைக்க வேண்டும் என்று விதியில்லை. மேசையில் இருக்கிறவர்களால் கூப்பிட முடிகிற பெயராக இருக்கட்டும். முடியாவிட்டால் "டேய் எல்ஃப்" என்றுதான் கடைசிவரை கூப்பிடுவார்கள். ஆட்டத்தைத் தமிழில் ஆடுங்கள். விதிச் சொற்கள் ஆங்கிலத்தில் வந்துபோகட்டும், ஆட்கள் தமிழில் கதைக்கட்டும். நாங்கள் முதல் சில மாதம் கேரக்டராகப் பேசும்போது ஆங்கிலத்துக்குத் தாவிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒருவர் கோபத்தில் தன்னையறியாமல் மூதூர்த் தமிழில் ஓர் அரக்கனைப் பேசித் தள்ளினார். அன்றைக்குத்தான் அந்த அரக்கனுக்கே உயிர் வந்தது.

கடைசியாகச் சாமான். இருபது முகப் பகடை இங்கே கடைகளில் தேடி அலைய வேண்டாம். கைபேசியில் கூகுளில் தேடினாலே உருட்டலாம். எனக்குப் பிடித்தது பழைய முறை: 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்பது. எடுத்ததைத் திரும்பப் போட மறக்காதீர்கள், மறந்தால் கணக்குக் கெட்டுவிடும். ஷீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனை வேண்டாம். உயிர்ப்புள்ளி ஒரு சண்டையிலேயே நாலு தரம் மாறும். எழுதியதைக் கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். ஒருநாள் காற்றுக்காகக் கோட்டைப் பக்கம் மரத்தடியில் பாய் விரித்து ஆடினோம். சண்டை உச்சத்தில் இருந்தது, எவரும் பின்னால் பார்க்கவில்லை. மூன்றாம் லெவல் ஃபைட்டர் ஒருவரை, கவசம், வாள், சேர்த்துவைத்த பொற்காசு எல்லாவற்றோடும், ஒரு புள்ளிமான் மென்று முடித்துவிட்டது.